பம்ப் போச்சு என்றார்கள்: ஒரு லாரி ரிப்பேர் அனுபவம்

ஹை பிரஷர் பம்ப் ஒன்று, இன்ஜெக்டர் ஆறு, ரெயில் சென்சார், லேபர் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய். மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்கள் வண்டிக்குப் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் இது. (ஹை பிரஷர் பம்ப் டீசலை அதிக அழுத்தத்தில் ரெயில் என்ற குழாயில் சேர்த்து வைக்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதை இன்ஜினுக்குள் தெளிக்கும்.) கடைசியில் கோளாறு இருந்த இடம் டீசல் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல், அவ்வளவுதான். குழாயை மாற்றி, டேங்கைக் கழுவி, ஃபில்டர் போட்டு முடித்தபோது செலவு சில ஆயிரங்கள். இரண்டுக்கும் இடையில் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் ஃபைனான்ஸ் டியூ தேதியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வண்டி 2021-ல் எடுத்தது. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது, பன்னிரண்டு சக்கரம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரம் போகும், திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றி வரும். பிரச்சினை எப்போதும் திரும்பி வரும்போதுதான். புனே தாண்டி சதாரா வரும் வழியில் கம்பட்கி காட் என்று ஒரு ஏற்றம் இருக்கிறது. அதில் பாதி ஏறும்போது வண்டியில் இழுவை போய்விடும், செக் லைட் எரியும், கியரைக் குறைத்தாலும் நகராது. ஓரம் கட்டி ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மெதுவாக ஏறும். சமதரையில் குறை சொல்ல முடியாது. கர்நாடக எல்லைக்குள் இருக்கும் நிப்பாணியைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். தொப்பூர் கணவாயில் ஒரு தடவைகூட இந்தத் தொந்தரவு வந்ததில்லை.

முதலில் புனேயில் பார்த்தார்கள். ரெயில் பிரஷர் சென்சார் என்று மாற்றினார்கள், வண்டி வீடு வந்து சேர்ந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த நடையில் அதே ஏற்றத்தில் அதே கதை. ஊரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் காட்டியபோது ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி மாற்றிவிடலாம் என்றார்கள். காலி வண்டியை பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. அதற்கப்புறம்தான் சதாராவில் நின்றதும் மூன்றரை லட்சம் எஸ்டிமேட்டும். மூன்று இடம், மூன்று பதில், மூன்றும் ஸ்கேனர் காட்டிய ஒரே கோடிலிருந்து, அதாவது கோளாறு எண்ணிலிருந்து, கிளம்பியவை.

அந்தக் கோடு எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 18. கனரக வண்டிகளில் இந்த எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு முறைப்படி வருகின்றன. எஸ்பிஎன் என்பது எந்த விஷயம், எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன ஆச்சு. 157 என்றால் ரெயில் பிரஷர், 18 என்றால் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. அதாவது ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று வண்டி சொல்கிறது. பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. டேங்கில் அடைப்பு, உறிஞ்சும் வழியில் காற்று, ஃபில்டர், அளவுக் கட்டுப்பாட்டு வால்வு, பம்ப், ரெயிலின் பிரஷர் வால்வு, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் அதிகமாக வடிக்கும் இன்ஜெக்டர் என்று இதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் இதே கோடுதான் வரும். இந்த வரிசையில் விலை அதிகமானவை எல்லாம் கடைசியில் இருக்கின்றன, ஆனால் எஸ்டிமேட் அங்கிருந்துதான் தொடங்கியது.

சதாராவிலிருந்து போன் வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்வி: பம்ப் போச்சு என்று எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள்? ஸ்கேனர் காட்டியது என்று பதில். ஸ்கேனர் காட்டியதை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் கோடு மட்டும்தான் இருந்தது. வண்டி கேட்ட அழுத்தம் (டிமாண்ட்) எவ்வளவு, கிடைத்தது (ஆக்சுவல்) எவ்வளவு, அப்போது இன்ஜின் சுற்று வேகம் (ஆர்பிஎம்) என்ன என்று எதுவும் இல்லை.

எங்கள் டிரைவர் அண்ணன் என்னைவிட மூத்தவர், பழைய பம்ப் இன்ஜின் காலத்திலிருந்து வண்டி ஓட்டுகிறவர். அவர் போனை வாங்கிச் சொன்னது இது: "டேங்க் பாதிக்கு மேல இருந்தா வண்டி நல்லா இழுக்குதுங்க. கீழ போனாத்தான் இந்தச் சேட்டை பண்ணுது. நான் புனேலயே சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

இதைக் கேட்டதும் எல்லாம் கோத்து வந்தது. கர்நாடகத்தில் டீசல் நம் ஊரைவிட மலிவாக இருந்ததால் போகும்போது கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் டேங்கை நிரப்புவோம். மகாராஷ்டிரத்தில் தேவைக்கு மட்டும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, திரும்பும்போது நிப்பாணி வந்ததும் மறுபடி நிரப்புவோம். நம் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. ஆக கம்பட்கி ஏறும்போது டேங்க் எப்போதும் கால்வாசி, நிப்பாணிக்கு அப்புறம் எப்போதும் ஃபுல். அந்த ஏற்றம் கோளாறை வெளியே காட்டியது, அவ்வளவுதான், காரணம் டேங்கில் இருக்கும் டீசல் மட்டம். அங்கேயே டேங்கை நிரப்பச் சொன்னேன். அங்கே விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, பரவாயில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டு டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார். வெங்காயம் அழுகாமல் இறங்கியது.

ஊருக்கு வந்ததும் டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். இந்த முறை பேச்சையே வேறு மாதிரி ஆரம்பித்தேன். வண்டியை ரிப்பேர் செய்ய வேண்டாம், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துக் கொடுங்கள், அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன், பாகம் மாற்றுவதைப் பிறகு பேசலாம் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அவர் செய்த விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் டேங்கை கால்வாசிக்கு இறக்கினார். லோடு உள்ள வண்டிதான் வேண்டும் என்றார், காலி வண்டியில் இந்தக் கோளாறு வெளியே வராது என்றார். லேப்டாப்பை மாட்டி, ரெயில் பிரஷரில் வண்டி கேட்கும் அளவையும் கிடைக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டச் சொன்னார். ஐட்லிங்கில் இரண்டும் ஒன்றாக நின்றன. முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் கேட்பது 1,500 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலே போனது, கிடைப்பது 1,000 பாருக்குக் கீழே விழுந்தது. சரி, அழுத்தம் நிஜமாகவே குறைகிறது, சென்சார் பொய் சொல்லவில்லை என்று முடிவானது. புனேயில் மாற்றிய சென்சார் வீண் செலவு என்றும் அப்போதே தெரிந்தது.

அடுத்து, டேங்கிலிருந்து வரும் டீசலை முதலில் வடிகட்டும் ப்ரீ ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டினார். ஐட்லிங்கில் எப்போதாவது ஒரு குமிழி. ஆர்பிஎம் ஏற ஏறக் குமிழி சரம் சரமாக வந்தது. டீசல் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் அழுத்தம் ஏறும்; காற்று சுருங்கிவிடும், அது கலந்தால் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அழுத்தம் சரியாக ஏறாது. பிறகு டேங்க் லைனையே துண்டித்துவிட்டு, சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றை டேங்க் பக்கத்திலேயே அசையாமல் கட்டி, அதிலிருந்து நேராக உறிஞ்ச விட்டார். அதே லோடு, அதே ஏற்றம். கேட்ட 1,500-க்குக் கிடைத்ததும் 1,500. பம்பும் இன்ஜெக்டரும் குற்றமற்றவை என்று அந்த ஒரு கேன் நிரூபித்துவிட்டது. அதோடும் விடாமல் இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைன்களைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் மாட்டி, ஒரே நேரம் ஓடவிட்டு, எவ்வளவு வடிகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பியிருந்தால்தான் அந்த இன்ஜெக்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

டேங்கிலிருந்து குழாயை வெளியே எடுத்தபோது, ஏறத்தாழ நடு உயரத்தில் வெல்டிங் ஓரம் விரிசல் விட்டிருந்தது. டீசல் அதற்கு மேலே இருக்கும்வரை அந்த விரிசல் வழியாகவும் டீசல்தான் வரும், ஒன்றும் தெரியாது. மட்டம் கீழே போனதும் காற்று புகுந்துவிடும். டிரைவர் அண்ணன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

இந்த மெக்கானிக்குக் கொடுத்த கூலி, குழாயின் விலையைவிட அதிகம். மனசாரக் கொடுத்தேன். நான் இந்த அனுபவத்தில் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். நம் ஊரில் பாகம் மாட்டுவதற்குக் காசு கொடுக்கிறோம், கண்டுபிடிப்பதற்குக் கொடுப்பதில்லை. "சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று நிறுத்துகிறோம். அரை நாள் உட்கார்ந்து டியூப் மாட்டி, கேன் கட்டிப் பார்த்த ஆளுக்கு டீக்காசும், எதையும் பார்க்காமல் பம்ப் மாற்றிய ஆளுக்கு இருபதாயிரம் லேபரும் கிடைக்கிறது என்றால், யார்தான் கேன் கட்டுவார்? ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு பி.எஸ்.6 வண்டியின் எலக்ட்ரானிக் பக்கத்துக்கு முறையான பயிற்சி கிடைக்கவில்லை, வாசலில் பத்து வண்டி நிற்கிறது, ஓனர் மணிக்கு ஒரு தரம் போன் செய்கிறார். அந்த நெருக்கடியில் கோடைப் பார்த்து பாகத்தைச் சொல்வது சுலபமாக இருக்கிறது. கண்டுபிடிக்கிற கூலியைத் தனியாகப் பேசிவிட்டால் இந்த நெருக்கடி பாதி குறையும்.

யூரியா விஷயத்திலும் இதே பாடம் படித்தோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வந்த பிறகு பெரிய வண்டிகளில் சைலன்சருக்குள் யூரியாக் கரைசல் தெளித்துப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கிறார்கள். அது குறையவில்லை என்று சென்சார் சொன்னால் வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் இன்னொரு வண்டியில் அப்படி வந்தது, எஸ்பிஎன் 4364, அதாவது அந்தச் சுத்திகரிப்புத் திறன் குறைவு. நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், அதன் விலை சின்ன விலை இல்லை. காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டு வேறு வாங்குவது மாதிரியான வைத்தியம் அது. சென்சார் மேல் சந்தேகம் வந்தால் அதன் வயரிங்கைப் பார்க்க வேண்டும், சைலன்சர் சூட்டில் உருகியோ பிராக்கெட்டில் உரசியோ இருக்கும். அது நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது யூரியாவைத்தான். கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், மீதி கனிமம் நீக்கிய நீர். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் இதை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். எங்கள் டேங்கில் இருந்தது அதைவிட வெகுவாக நீர்த்துப் போயிருந்தது. ஹைவே ஓரம் முத்திரை இல்லாத கேனில் வாங்கியது. டேங்கைக் கழுவி, தெளிக்கும் நாசிலில் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்ததை வெந்நீரில் கரைத்து, நல்ல யூரியா ஊற்றி ஓட்டியதும் கோடு போனது, சென்சார் பழசுதான். குழாய்த் தண்ணீர் கலப்பது இன்னும் மோசம், அதிலுள்ள உப்புகள் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையே கெடுத்துவிடும், அது போனால் செலவு லட்சங்களில். யூரியாவில் சேமிக்கிற சில நூறு ரூபாய்க்கு அது ஈடாகாது. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கேனையும் வாங்காதீர்கள், சூட்டில் யூரியா சிதையும்.

இன்ஜின் இறக்க வேண்டும் என்று சொல்லும்போதும் பதறக் கூடாது. மச்சான் வண்டியில் ரேடியேட்டர் டேங்கில் குமிழி வந்து தண்ணீர் வெளியே தள்ளியது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும் என்றார்கள். நாங்கள் போய், பிரேக்குக்கான ஏர் டேங்க் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். காற்று ஏறிக்கொண்டிருக்கும் வரை குமிழி வந்தது. முள் முழுசாக ஏறி கட்-ஆஃப் ஆனதும் நின்றது. பிரேக்கை மிதித்துக் காற்றை இறக்கியதும் மறுபடி குமிழி. பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரின் ஹெட் தண்ணீரில் குளிரும் வகை, அதில் விரிசல் விட்டுக் காற்று தண்ணீருக்குள் போயிருக்கிறது. கம்ப்ரஸர் ஹெட்டோடு வேலை முடிந்தது. ஹெட் கேஸ்கெட் போனாலும் குமிழி இதே மாதிரிதான் வரும், ஆனால் அது ஏர் முள்ளைப் பார்த்து நிற்காது. இதே மாதிரி வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைந்து வெள்ளைப் புகை வந்தால், இன்ஜினுக்கே திரும்பும் புகையைத் தண்ணீரால் குளிரவைக்கும் இஜிஆர் கூலரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா பெரிய எஸ்டிமேட்டும் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் ஃபில்டரை அறுத்துப் பார்த்து உள்ளே மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால், பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து துகளை ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் அனுப்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது பம்பை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பழைய துகள் புது பம்பையும் தின்றுவிடும். டேங்க், லைன், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் பேரம் பேசக் கூடாது. ஆனால் அந்தத் தூளை உங்கள் கண்ணால் பாருங்கள், வெளியூரில் வண்டி நின்றால் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் மாற்றினால் ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியிருக்கும் எழுத்து, எண் கலந்த கோடை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அது கட்டாயம், ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் இன்ஜின் தட்டும், புகையும்.

டிரைவர் சொல்வதை எழுதி வைப்பது இப்போது எங்கள் வண்டிகளில் வழக்கமாகிவிட்டது. கோளாறு வந்த இடம், லோடு, கியர், ஆர்பிஎம், இன்ஜின் சூடு, டேங்க் மட்டம், கடைசியாக டீசலும் யூரியாவும் போட்ட பங்க். லைட் எரிந்தால் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் விட்டதும் அந்தக் காகிதத்தை மெக்கானிக் கையில் கொடுத்து, எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கிறோம். லோடில் வந்த கோளாறைக் காலி வண்டியில் தேடினால் கிடைக்காது. கோடை அழிப்பதற்கு முன்னால் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கோடு பதிவான நேரத்து ஆர்பிஎம், சூடு, லோடு எல்லாம் பல வண்டிகளில் கூடவே சேமிப்பில் இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். சென்சார், வயரிங் என்று பேச்சு வந்தால் அதற்கு முன் பேட்டரியையும் எர்த் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் சரியில்லாத வண்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்து கோடு காட்டும்.

பில் விஷயம் சுருக்கமாக. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டிய மாற்றுப் பாகம் என்றால் போட்டோவாவது எடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பாகம் வாங்கினால் வாரண்டியைப் பற்றிப் பேசவே முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டிப் பாகங்களுக்கு 18 சதவீதம்தான், பலவற்றுக்கு முன்பு 28 இருந்தது, ஆகவே பில் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணமும் குறைந்துவிட்டது. ஒற்றை வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள், வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவது வியாபார நோக்கம் ஆகாது என்று விளக்கம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம், அதற்கும் பில்லும் எஸ்டிமேட்டும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது பணத்தைப் பற்றியது இல்லை. வழியில் நிற்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க ரெயில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழக்கம் பழைய பம்ப் வண்டியிலிருந்து வந்தது. காமன் ரெயில் எனப்படும் இந்த ரெயில் வகை வண்டியில் அதைச் செய்யவே விடாதீர்கள், டிரைவரையும் கிளீனரையும் இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லி ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் விரலை, சில சமயம் கையையே இழக்க வேண்டி வரும்.